ஏழாவது ஓட்டை

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று திவ்யா மூன்று முறை போன் செய்துவிட்டாள். தாம்பரத்தில் நான் முப்பத்திரண்டு வருடம் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்த மையத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். "உங்க சாதனைகளை எழுதுங்க மேடம், நாலு பக்கம் போதும்" என்றாள். சாதனை என்று என்னத்தை எழுத? பிள்ளை பேசினால் அது அந்தப் பிள்ளையின் சாதனை. பேசாவிட்டால் மட்டும் பழி எங்கள் தலையில் விழும். நாலு பக்கத்துக்கு வேறு ஆளைப் பார் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவள் வேறொன்றும் கேட்டாள். "மேடம், ஒரு ஃப்ரஜைல் எக்ஸ் பையன் வந்திருக்கான். டேப்லெட்ல டெஸ்ட் குடுத்தா அழகா பண்றான். அதையே நான் எதிர்ல ஒக்காந்து கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறான். ஏன் மேடம்?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு இருபது வருட அனுபவம் போதவில்லை. அதற்கு மேல் ஒரு தாழ்ப்பாளும் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை எழுதுகிறேன். சாதனை வேண்டுகிறவர்கள் மலரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

படிப்பு, பயிற்சி எல்லாம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் அதில் கற்று, மந்திரம்போல் பிடித்துக்கொண்ட ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லவேண்டும். முதலில் கண், பிறகு பொருள். படம் வரைந்த அட்டையை என் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "என்னைப் பாரு" என்பேன். பிள்ளை என் கண்ணைப் பார்த்தால்தான் அட்டை கைக்கு வரும். பிஸ்கெட்டானாலும் அப்படித்தான், பொம்மைக் காரானாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்டால்கூட, "என்னைப் பார்த்துக் கேளுங்க" என்று சொல்லும் அளவுக்கு அது எனக்குள் ஊறிப்போயிருந்தது.

எங்கள் மையத்தின் தலைவி ரெஜினா மேடம் இதற்கு நேர் எதிர். யார் முகத்தையும் அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் அறையில் மேசைக்கு எதிரே நாற்காலியே கிடையாது. ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் அவர், இன்னொன்றில் நாம். ஜன்னலுக்கு வெளியே டூவீலர் ஸ்டாண்டு, அவ்வளவுதான் காட்சி. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் நாங்கள் பட அட்டை செய்வோம். உள்ளே போனதும் நம் கையிலும் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவார். வெட்டிக்கொண்டே பேசவேண்டும்.

அவர் கேள்வியும் கேட்க மாட்டார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார். "போன வாரம் வந்த அந்த ரெண்டு பிள்ளைங்க ஃபைலையும் நீ..." என்பார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும். பொறுக்க முடியாமல் நாமே, "இன்னும் முடிக்கல மேடம்" என்று முடித்துவைப்போம். திட்டுவதென்றால் முகத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகலாமே, இது என்ன ராங்கி என்று எனக்கு எரிச்சலாக வரும். பன்னிரண்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தும் அது ராங்கி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இஸ்மாயில் வந்தான். பத்தொன்பது வயது. நல்ல உயரம், நீண்ட முகம், கொஞ்சம் பெரிய காதுகள். வலது கட்டைவிரலுக்குக் கீழே தோல் கடித்துக் கடித்துத் தடித்துப்போயிருந்தது. அவன் அத்தா நசீர் பாய்க்கு மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடை. இரத்தப் பரிசோதனை செய்து அவனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மரபணுவில் வரும் ஒரு மாற்றம் அது. அம்மா வழியாகப் பிள்ளைக்கு வரும். வெளியே பார்த்தால் அம்மாவிடம் எந்த அறிகுறியும் தெரியாது. பிள்ளைக்குப் படிப்பும் கணக்கும் பேச்சும் சிரமமாகும், புது முகங்களைக் கண்டால் நெஞ்சு படபடக்கும்.

அவன் அம்மா நூர்ஜஹான் என்னிடம் சுற்றி வளைக்காமல் பேசினார். "கடை இருக்கிற கட்டடத்த இடிச்சு ஃப்ளாட் கட்டப்போறாங்க மேடம். ரெண்டு மாசம் டைம் குடுத்துகிறாங்க. கடை இருக்கிற வரைக்கும் இவன் அங்க ஒக்காந்துகினு இருப்பான். கடை போச்சுன்னா வூட்ல வெச்சுப் பூட்டணும். தொறந்து வெச்சா நேரா லாரி பஸ் ஓடுற ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போயிடுவான்."

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வேலைக்கூடம் இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைப் பொட்டலம் போடும் வேலை தருவார்கள். காலையில் வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அங்கே அந்த மாதம் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. சொன்னால் புரிந்துகொள்கிறானா, பத்து வரை எண்ணுகிறானா என்று எங்கள் மையத்தின் அறிக்கை போகவேண்டும். சரி என்று எழுதினால் அந்த இடம், இல்லை என்றால் பூட்டிய வீடு.

"என் ரத்தத்துல இருந்துதான் அவனுக்குப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு மேடம். அழுது முடிச்சிட்டேன். இப்ப ஒரு எடத்துல சேத்துட்டா போதும்" என்றார் நூர்ஜஹான்.

இஸ்மாயில் அறைக்குள் வந்ததும் எனக்குக் கை கொடுத்தான். முகத்தை மட்டும் முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை, பழக்கித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதோடு என் புத்தி நின்றுபோய்விட்டது. எதிரே உட்காரவைத்தேன். அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இஸ்மாயில், என்னைப் பாரு."

அவன் நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பினான். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். "என்னைப் பாரு." அவன் கையைக் கடித்தான். "இது என்ன?" என்றேன். "இது என்ன இது என்ன இது என்ன" என்றான். "ஆறு ஸ்க்ரூ எடுத்துக் குடு" என்று கிண்ணத்தை நீட்டினேன். கை நிறைய அள்ளிப் போட்டான். "என்னைப் பாரு" என்று மறுபடி சொன்னபோது அவனும், "என்னைப் பாரு என்னைப் பாரு" என்று என் குரலிலேயே சொன்னான். என் எரிச்சல்கூட அதில் அப்படியே இருந்தது.

முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. வெளியே வந்தால் நூர்ஜஹான், "வூட்ல எல்லாம் பேசுவான் மேடம்" என்றார். எல்லா அம்மாவும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே எழுதி முடித்தேன். பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு. பயன்படும்படியான பேச்சு இல்லை. எண்ணத் தெரியாது. பரிந்துரைக்க இயலாது.

ரெஜினா மேடம் அதைப் படித்துவிட்டு என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஒரு பத்திரிகை முழுக்க வெட்டியாயிற்று.

"அவன் என்னென்ன பண்ணலன்னு எழுதியிருக்க. என்ன பண்ணான்னு..."

"எழுதல மேடம். எதுவும் பண்ணல."

"அப்படியா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாளை எடுத்தார். "நம்ம பாத்ரூம் கதவுது. போற வழியில இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. நசீர் பாய் கடை உன் வழிதானே. ரிப்போர்ட் இங்கயே இருக்கட்டும், கையெழுத்து நாளைக்குப் போடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருட அனுபவக்காரியைத் தாழ்ப்பாள் வாங்க அனுப்புகிறாரே, நான் என்ன பியூனா? பஸ்ஸில் போகிற வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

நசீர் பாய் கடை ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இல்லை. பாய் போனில் யாரிடமோ சிமெண்ட் விலை பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டூலில் முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்மாயில். அவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தாழ்ப்பாளைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபத்தில் முகம் வேறு உர்ரென்று இருந்திருக்கும்.

பின்னால் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேராக மேல் தட்டுக்குக் கையை விட்டு ஒன்றை எடுத்தான். அளவுகோல் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. பிறகு புதுத் தாழ்ப்பாளை மேசையில் படுக்கவைத்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்க்ரூவைப் போட்டுப் பார்த்தான். ஓட்டைகள் நிரம்பியதும் எல்லாவற்றையும் கவிழ்த்து நியூஸ் பேப்பரில் மடித்தான். எண்ணவே இல்லை. எண்ண வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

மடித்துக்கொண்டே, ரயில் ஓடுகிற வேகத்தில் பேசினான். "துருப்புடிச்சிருச்சு துருப்புடிச்சிருச்சு. தண்ணி படுற கதவு. இரும்பு ஸ்க்ரூ போட்டா மறுபடி போயிடும். பித்தளை போடு. பித்தளை போடு, பித்தளை போடு."

நான் ஆடிப்போய்விட்டேன். பாத்ரூம் கதவு என்று நான் வாயே திறக்கவில்லை. துருவைப் பார்த்து அவனே கண்டுபிடித்திருக்கிறான். பயன்படும்படியான பேச்சு இல்லை என்று நான் எழுதி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை.

சந்தோஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று திரும்பி, அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இஸ்மாயில், உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கடை ஷட்டரை இழுத்து மூடியதுபோல் பேச்சு நின்றது. கை வாய்க்குப் போனது.

நசீர் பாய் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார். "நேரா பாத்து கேட்டா அவ்ளோதான் மேடம். ரோட்டப் பாத்து கேளுங்க, சொல்லுவான்."

மறுநாள் காலையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ரெஜினா மேடத்திடம் சொன்னேன். அந்த நாற்காலிகள் ஏன் அப்படிப் போட்டிருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை பிள்ளைகள் அந்த ஜன்னலைப் பார்த்து அவரிடம் பேசியிருப்பார்கள்.

"அப்ப அந்த ரிப்போர்ட்ட..."

"கிழிச்சுப் போட்டுடறேன் மேடம்."

"கிழிக்காத" என்றார். "ரெண்டாவது எழுது. ரெண்டையும் சேர்த்து அனுப்புவோம்." நான் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளையார் படத்தின் தும்பிக்கை துண்டாகிப்போனது. அவர் அதையும் பார்க்காததுபோல் இருந்தார்.

அடுத்த மூன்று நாள் இஸ்மாயிலும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைப் பிரித்தோம். அவன் கை சும்மா இருந்தால் பேச்சு வராது, அல்லது ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். கையில் வேலை இருந்தால் வாக்கியம் வரும். ஏன், எப்படி என்று கேட்டால் மூடிக்கொள்வான். "பெரிய கதவுக்கு..." என்று நான் பாதியில் விட்டால், "பெரிய கீல் போடணும், பெரிய கீல் போடணும்" என்று முடிப்பான். முதலில் இது, அப்புறம் அது, அதற்கப்புறம் இன்னொன்று என்று வரிசையாகச் சொன்னால் குழம்பிவிடுவான். முடித்துவைத்த பொருளை ஒருமுறை காட்டினால் போதும், அப்படியே செய்துவைப்பான். கடையிலிருந்த ஒவ்வொரு சாமானின் பெயரும் அவனுக்குத் தெரியும். எண்ணிக்கை மட்டும் வரவே இல்லை. இவ்வளவையும் எழுதினேன்.

வேலைக்கூடத்தில் ஸ்க்ரூவை ஆறு ஆறாகப் பொட்டலம் போடவேண்டும். அதற்கு நானே ஒரு யோசனை செய்து, தச்சரிடம் சொல்லி ஒரு சின்னப் பலகையில் ஆறு ஓட்டை போடவைத்தேன். ஓட்டைகளை நிரப்பு, கவிழ்த்துப் பொட்டலம் கட்டு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பலகை தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வந்தது, இஸ்மாயில் கையில் கொடுத்துப் பார்க்க நேரமில்லை.

தேர்வு நாளன்று சிங்கப்பெருமாள் கோவில் வேலைக்கூடத்துக்குப் போனோம். நூர்ஜஹான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். அங்கே மேற்பார்வையாளர் தாமோதரன் என்று ஒருவர். இரண்டு அறிக்கைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "இன்னா மேடம் இது, ஒரே பையனுக்கு ரெண்டு எழுதிக்கிறீங்க? நான் எதை நம்பறது?"

"ரெண்டாவதை நம்புங்க. மொதல்ல எழுதினது என் தப்பு" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் பேசிய மிகக் கஷ்டமான வாக்கியம் அதுதான்.

இஸ்மாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். நிரப்பினான், கவிழ்த்தான், மடித்தான். ஒருமுறைகூடக் கையைக் கடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தட்டு நிறையப் பொட்டலம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாமோதரன் ஒன்றைப் பிரித்தார். எண்ணினார். இன்னொன்றைப் பிரித்தார். முகம் மாறியது. "ஏழு கீது மேடம்." மூன்றாவது. "இதுலயும் ஏழு. எல்லாத்துலயும் ஏழு கீது. எண்ணத் தெரியாதவன வெச்சிகினு நான் இன்னா பண்றது? கம்பெனிக்காரன் பேஜார் பண்ணுவான்."

வாசலில் நூர்ஜஹான் எழுந்து நின்றுவிட்டார். நான் இஸ்மாயிலின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். "என்னைப் பாரு" என்பது உதடு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இஸ்மாயில் ஒவ்வொரு..."

"ஓட்டைக்கும் ஒண்ணு" என்றான் உடனே. "ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒண்ணு ஒண்ணு. இதுவும் ஓட்டைதான். இதுவும் ஓட்டைதான், இதுவும் ஓட்டைதான்."

அவன் விரல் பலகையின் மேல் விளிம்பில் இருந்தது. வேலை முடிந்ததும் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைக்கலாமே என்று, தச்சரிடம் சொல்லி நானே போடவைத்த ஓட்டை. ஆறு ஓட்டை வேலைக்கு, ஏழாவது மாட்டுவதற்கு என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னார்கள்?

தாமோதரன் பலகையை வாங்கித் தூக்கிப் பிடித்து எண்ணினார். விழுந்து விழுந்து சிரித்தார். "பையன் கரீட்டாத்தான் பண்ணிக்கிறான் மேடம். பலகை போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

பொட்டலம் ஒட்டுகிற டேப்பைக் கிழித்து ஏழாவது ஓட்டையை அவரே மூடினார். இஸ்மாயில் மறுபடி போட்டான். ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆறு. ஆறு. ஆறு. ஒன்றில்கூடப் பிசகில்லை. "திங்கக்கெழமை வேன்ல ஏத்தி வுட்ருங்கம்மா" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

நூர்ஜஹான் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. "பத்தொம்பது வருசத்துல, தப்பு இவன்மேல இல்லன்னு ஒருத்தர் சொல்லி இப்பதான் மேடம் கேக்கறேன்" என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் அழவில்லை.

அதற்கு முந்தைய இருபது வருடத்தில் எத்தனை பிள்ளைகளை நான் எதிரே உட்காரவைத்து, எத்தனை அறிக்கைகளில் இல்லை, தெரியாது, இயலாது என்று எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது. அவர்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வழியில்லை. பிறகு வந்த பன்னிரண்டு வருடம் என் அறையிலும் நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்தே கிடந்தன. எதிரே உட்கார்ந்தால்தான் பேசுகிற பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். திவ்யா, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். டேப்லெட்டுக்குக் கண் கிடையாது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போடு.

இனி என் கடைசி நாள். மையத்தின் கூடத்தில் பிரிவுபசார விழா. குன்றத்தூரில் மகள் வீட்டிலிருந்து ரெஜினா மேடம் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். முதல் வரிசையில் ஒரு நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் நூர்ஜஹானும் இஸ்மாயிலும். அவனுக்கு இப்போது முப்பத்தொரு வயது, லேசாக முன் நெற்றி ஏறியிருந்தது. அந்த வேலைக்கூடத்தின் பெயர் போட்ட நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். ஊரையே பேசவைத்தவளாம், எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதிவைத்திருந்த காகிதத்தில் எழுத்துகள் கலங்கின. நூறு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "பேசுங்க மேடம், பேசுங்க" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன். அத்தனை கண்கள் நம்மேல் இருந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இஸ்மாயில் ஒரு நாற்காலியை மேடைக்குத் தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்து அதே சுவரைப் பார்த்தேன்.

"மேடம் நாளைக்கு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"வேலைக்கு வரமாட்டேன்" என்றேன். மைக் அதைக் கூடம் முழுக்கச் சொன்னது.

"மேடம் வீட்ல..."

"இருப்பேன். நல்லா இருப்பேன்."

"திங்கக்கெழமை இஸ்மாயில்..."

"வேன்ல ஏறி வேலைக்குப் போவான்."

"போவான், போவான், போவான்" என்றான். நான் பேச முடியாமல் தவிப்பதைப் பார்த்துத்தான் வந்தானா, பழைய பழக்கத்தில் வந்தானா என்று எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசையும் எனக்கு இல்லை. அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. நன்றியுரை அதுதான்.

அவன் எழுந்து, முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். நானும் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.